நாற்பத்தொன்று

ஸ்பேனருக்கு எல்லா வேலையும் தெரியும், சும்மா உட்கார மட்டும் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் முடிந்தது கதை; காபி ஆறிப் போகும், நாற்காலி சரியாகிவிடும். ஆடாவிட்டால் கதவுக் கீலைப் பார்ப்பார், அதுவும் சரியாக இருந்தால் மனுஷர் முகமே வாடிவிடும். இருபத்தேழு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. கூப்பிடுகிறவர்களுக்கு அவர் ஸ்பேனர்தான்.

அவருடைய கல்யாணத்தன்று மண்டபத்து மைக் கரகரவென்றது. மாப்பிள்ளை எழுந்து போய் அதைக் கழற்றிவிட்டார். மணப்பெண் இருபது நிமிடம் தனியாக நின்றாள். மைக்கைச் சரிசெய்து, சட்டையெல்லாம் தூசியோடு வந்து நின்றவரிடம் அவள் முதன்முதலாகச் சொன்ன வார்த்தை இதுதான்: "கொஞ்ச நேரம் சும்மா வந்து உக்காருங்களேன்."

அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கோபமாகச் சொல்வாள், சிரித்துக்கொண்டு சொல்வாள், சில நாள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள். அவர் வந்து உட்காருவார், ரெண்டே நிமிடம். அப்புறம் மேசை இழுப்பறை கிறீச்சிடுவது காதில் விழும்.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவளுடையது. அந்த நிலையத்து லிஃப்டைப் பழுதுபார்க்கப் போனபோதுதான் அவர் அந்தக் குரலைக் கேட்டார். ஒரு நாளில் முடியும் வேலையை நாலு நாள் இழுத்தார். வாழ்க்கையில் அவர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

நோய் அவள் நாக்கில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் "ஏழாம் நடைமேடை" குழறியது. கீழே யாரோ சிரித்தார்கள். ஆறு மாதத்தில் பேச்சு போயிற்று, அடுத்து கால், அதன் பின் கை. நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும் நோய் என்றார் டாக்டர். ஸ்பேனர் கேட்டார்: "சரிங்க டாக்டர், எந்த பார்ட்டை மாத்தணும்?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்த முடியாதுங்க," என்றார். ஸ்பேனர் அதை நம்பவில்லை. நம்புகிற ஆள் இல்லை அவர்.

கடைசியில் வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். அந்த விரலுக்காக மருத்துவமனையிலிருந்து ஒரு பேசும் பலகை கொடுத்தார்கள். வரிசைக்கு எட்டாக ஆறு வரிசைக் கட்டங்கள். விளக்கு ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் விரலில் கட்டியிருக்கும் சுவிட்சை அமுக்க வேண்டும். கட்டத்தின் எண் கணினிக்குப் போகும், கணினி அதை வாய்விட்டுச் சொல்லும். மேலே எல்லாம் எழுத்துகள். கடைசி வரிசை வெறுமையாக இருந்தது. அதில் வீட்டாரே முழு வாக்கியங்களை எழுதி ஒட்டிக்கொள்ளலாம். என்னென்ன வேண்டும் என்று அவளே எழுத்து எழுத்தாகச் சொன்னாள், இவர் சீட்டில் எழுதி ஒட்டினார். தண்ணி வேணும். வலிக்குது. திருப்பிப் போடுங்க. ஃபேனைக் குறைங்க. சும்மா வந்து உக்காருங்க.

அவள் கடைசியாகச் சொன்ன இந்தச் சீட்டை ஒட்டும்போது ஸ்பேனர் சிரித்துவிட்டார். "படுத்துக்கிட்டே அதிகாரமா?" என்றார். அவள் கண் சிரித்தது.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. உலோகத்தைத் தட்டினாற்போன்ற ஒரு குரலில் கணினி கூப்பிடும், இவர் போய் உட்காருவார், ரெண்டு நிமிடம். அப்புறம் கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவார். ஒரு நாள் காலையில் அந்தக் கணினி புகைந்து செத்தது.

புதுக் கணினி வாங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் பலகை புதுக் கணினியோடு பேச மாட்டேன் என்றது. பலகையைச் செய்த கம்பெனியை மூடி வருடக்கணக்காகிறது. கடைக்காரர், "அதெல்லாம் பழசு சார், தூக்கிப் போடுங்க," என்றார். மருத்துவமனையில் வேறு கருவிக்கு எழுதிக்கொண்டார்கள். முறை வர எட்டு மாதமாகும். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அவள் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்பேனரை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த விரல் இன்னும் ஆறு வாரம் தாங்கினா பெருசு. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவைக்கு மேல அமுக்கவும் முடியாது."

ஆறு வாரம். ஸ்பேனர் அன்றைக்கே நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். பலகைக்கும் கணினிக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்க்கும் நிரலைத் தானே எழுதுவது என்று முடிவு செய்தார். நிரல் என்ற வார்த்தையை அவர் அதற்கு முன் பத்திரிகையில்தான் பார்த்திருக்கிறார்.

அவள் தங்கை பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். தினமும் சாயங்காலம் அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவாள். "மாமா, இது உங்களால ஆகிற காரியமா?" என்று கேட்டாள்.

"மனுஷன் எழுதினதுதானேம்மா? நானும் மனுஷன்தானே?"

ஆனால் அவர் கை வைத்த இடம் அப்படி. கணினிக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. மற்ற மென்பொருள்களெல்லாம் குடியிருக்கும் ஆட்கள், கெர்னல்தான் கட்டடம். குடியிருப்பவர் தவறு செய்தால் அவர் வீட்டோடு போகும். கட்டடத்தில் தவறு செய்தால் எல்லார் தலையிலும் விழும். பலகைக்கென்று கணினிக்குள் செருகும் பழைய அட்டை அந்தக் கெர்னலோடுதான் பேசும். அதனால் கெர்னலோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு மாட்யூலை, ஒரு சின்னத் துண்டு நிரலை, எழுதியாக வேண்டும். ஊரில் எல்லாரும் கூட்டல் கழித்தலில் ஆரம்பிக்கிற படிப்பை இவர் அஸ்திவாரத்தைத் தோண்டி ஆரம்பித்தார்.

மூன்று வாரம் படித்தும் எழுதியும் போயிற்று. இவர் கூடத்தில், கணினி முன்னால். அவள் அறையில். நடுவில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு கேபிள். நிரல் சொன்னபடி கேட்காதபோதெல்லாம் ஸ்பேனர் வாயில் வருவது கேட்கத் தகாது. அவள் காதில் விழக் கூடாதே என்று அறைக் கதவைச் சாத்தி வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் சாத்தினார். அதைச் சொல்லியாக வேண்டும்.

மாட்யூல் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவள் அமுக்கும் ஒவ்வொரு எண்ணையும் ஒரு கண்ணியில் போட்டுச் சங்கிலியாகக் கோத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் எண்ணும் இருக்கும், அடுத்த கண்ணி எங்கே இருக்கிறது என்ற முகவரியும் இருக்கும். கேட்கும்போது முதல் கண்ணியிலிருந்து கடைசிவரை நடந்துபோய் எண்களைத் திரையில் காட்ட வேண்டும். எண்கள் ஒழுங்காக வந்துவிட்டால் அவற்றை வார்த்தையாக மாற்றிப் பேசவைப்பது ஒரு நாள் வேலை. லிங்க்டு லிஸ்ட் என்பார்கள் இந்தச் சங்கிலியை.

முதல் தடவை மாட்யூலை ஏற்றியதும் திரை அப்படியே உறைந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டார், உறைந்தது. நாலு நாளில் முப்பத்தொரு தடவை அணைத்துப் போட்டார். வேறு வழியில்லாமல் இணையத்தில் ஒரு கேள்வி பதில் பக்கத்தில் தன் நிரலை ஒட்டி உதவி கேட்டார். ஆந்தைப் படம் வைத்திருந்த ஒருவர் பதில் எழுதினார். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கோபக்கார ஆந்தை என்பது மட்டும் தெரிந்தது.

"புத்தகத்துல படிச்ச லிஸ்ட் வேற, கெர்னல்ல இருக்கிறது வேற," என்று எழுதியிருந்தது ஆந்தை. "இங்க கடைசிக் கண்ணின்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் வட்டம். கடைசி ஆள் திரும்பவும் தலைப்பைத்தான், ஆரம்பிச்ச இடத்தைத்தான், காட்டுவான். நீ முடிவு வரும் வரும்னு சுத்திக்கிட்டே இருக்கே. தலைப்புக்குத் திரும்பி வந்தா நில்லு."

லிஃப்ட் என்றால் மேல்மாடி ஒன்று உண்டு, அங்கே நிற்கும். மேல்மாடியே இல்லாத கட்டடத்தை ஸ்பேனர் பார்த்ததில்லை. திருத்தினார். உறைவது நின்றது. ஆனால் மாட்யூலைக் கழற்றும்போதெல்லாம் கணினி விழுந்தது. மறுபடி ஆந்தை: "ஒரு கண்ணியை அழிச்சுட்டு, அடுத்தது எங்கேன்னு அதுகிட்டயே கேக்கிறியே, செத்தவன் வழி சொல்லுவானா? அழிக்கிறதுக்கு முன்னால அடுத்த முகவரியைக் கேட்டு வச்சுக்கோ."

அதையும் திருத்தினார். ஐந்தாம் வாரம் ஒரு காலை, அறைக்குப் போய் அவள் விரல் சுவிட்சைத் தன் கட்டைவிரலால் மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். திரையில் 3, 17, 26. அமுக்கிய கட்டங்கள் அதேதான். ஸ்பேனர் கூடத்தில் ஒரு குதி குதித்தார். அறை வாசலில் நின்று, "இப்ப நீ அமுக்கும்மா! எதையாவது அமுக்கு, பரவாயில்லை!" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் மூன்றுக்கும் பதினேழுக்கும் இருபத்தாறுக்கும் அடியில் 41, 41, 41 என்று இருந்தது. மத்தியானம் பார்த்தால் ஒன்பது நாற்பத்தொன்று.

ஸ்பேனர் திரைக்குக் கிட்டே குனிந்தார். மறுபடி சுற்றுகிறதா? எங்கோ ஒரே கண்ணியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறதா? அவளால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவைதான் அமுக்க முடியும் என்று பிசியோதெரபிஸ்டே சொல்லியிருக்கிறார். ஒன்பது எப்படி வரும்? மாட்யூலைக் கழற்றினார், பட்டியல் காலியானது, திரும்ப ஏற்றினார். தான் அமுக்கினால் சரியாக வருகிறது. விட்டுவிட்டு வந்தால் நாற்பத்தொன்று. மெக்கானிக் பக்கத்தில் நிற்கும்வரை ஒழுங்காக ஓடி, அவர் படியிறங்கியதும் மக்கர் பண்ணுகிற லிஃப்டுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இதுவும் அந்த ஜாதிக் கோளாறுதான் என்று முடிவு கட்டினார். அந்தக் கட்டம் எது என்று எழுந்துபோய் எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணவில்லை. கோளாறுக்கு யாராவது அர்த்தம் தேடுவார்களா?

ஒரு தடவை அறைக்குள் தலையை நீட்டி, "நீயா அமுக்கினே?" என்று கேட்கத்தான் செய்தார். ஆமாம் என்று சொல்ல அவள் இமையை மூட வேண்டும்; மூடிச் சேர்க்க அவளுக்கு ஒரு நிமிடமாகும். இவர் பத்து நொடி நின்றார். இமை சும்மா துடிப்பதாகத் தோன்றியது, போய்விட்டார்.

ஒன்பது நாள் இப்படி. நிரலில் ஒவ்வொரு வரியாக மாற்றினார். சரியாக இருந்ததைக் கெடுத்து, கெடுத்ததைச் சரிசெய்தார். காலையில் ஏற்றுவார், மத்தியானம் பட்டியலைப் பார்ப்பார், பன்னிரண்டு நாற்பத்தொன்று, பதினொரு நாற்பத்தொன்று, வாய்விட்டுத் திட்டுவார், கழற்றுவார், பட்டியல் அழியும்.

சாயங்காலம் கொழுந்தியாள் வந்து சொல்வாள்: "மாமா, அக்கா கதவையே பாத்துக்கிட்டு இருக்கா."

"அவளுக்கும் அவசரமா இருக்காதா? பலகை எப்ப பேசும்னு பாக்கிறா. முடிச்சுட்டேம்மா, நாளைக்கு முடிஞ்சுடும்."

"கொஞ்ச நேரம் நீங்க உள்ள போய் இருங்களேன். ஒரேயடியா இதையே..."

"விரல் போயிட்டா அப்புறம் இது எதுக்கு? உனக்குப் புரியாது."

எட்டாம் நாள் ஆந்தைக்கு மறுபடி எழுதினார். நிரல் முழுவதையும் ஒட்டினார், கூடவே கெஞ்சி நாலு வரி. யாருக்காக, ஏன் என்பதெல்லாம் எழுதவில்லை; பட்டியல் சுற்றுகிறது என்று மட்டும் எழுதினார். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. இந்தத் தடவை ஆந்தை திட்டவில்லை.

"ஒவ்வொரு எண்ணோடயும் அந்தக் கண்ணியோட முகவரியையும், அது வந்த நேரத்தையும் சேர்த்துக் காட்டு. ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தா உன் நடையில தப்பு. முகவரி வேற வேற, நேரம் மட்டும் ஒண்ணுன்னா சுவிட்ச் உதறுது, ஒரு அமுக்கு பத்தா விழுது. ரெண்டும் இல்லேன்னா எழுது."

ஸ்பேனர் இரண்டு வரி சேர்த்து மாட்யூலை ஏற்றினார். ஒன்பது மணிக்கு ஏற்றினார். இந்தத் தடவை தொடாமல் மூன்று மணிவரை விடுவது என்று தீர்மானித்து, கை சும்மா இருக்காமல் கூடத்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். அறையில் காய்ந்த துணியை எடுக்க ஒரு தடவை போனார். அவள் பார்த்தாள். "இன்னிக்குக் கண்டுபிடிச்சுடுவேன் பாரு," என்று சொல்லி, துணியோடு வந்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பட்டியலைக் கேட்டார். பதினான்கு நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முகவரி. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் வேறு வேறு. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. நேரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. ஒன்பது இருபத்தாறு. ஒன்பது நாற்பது. அப்படியே இடைவெளி விட்டு விட்டு.

முதலில் வந்தது சந்தோஷம்தான். "சுத்தலை!" என்று கத்தினார். "சுத்தவே இல்லைடா!" நடை சரி, சங்கிலி சரி, சுவிட்சும் உதறவில்லை, ஒரு தப்பும் இல்லை. முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்றும் தெரியாமல் ஆரம்பித்து, கெர்னலுக்குள் போய், சொந்தக் கையால் எழுதி முடித்திருக்கிறார். ஆந்தைக்கு எழுத வேண்டும் என்று விசைப்பலகையில் கை வைத்தார். ரெண்டும் இல்லை, என்று எழுதினார். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ரெண்டும் இல்லை என்றால் பதினான்கு தடவையும் அமுக்கப்பட்டிருக்கிறது.

எழுந்து அறைக் கதவைத் திறந்தார். பலகை கட்டிலுக்கு மேலே, அவள் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என்று வரிசை வரிசையாக எண்ணினார். ஐந்து வரிசை நாற்பது. நாற்பத்தொன்று கடைசி வரிசையின் முதல் கட்டம். அந்த இடத்தில் தண்ணி வேணும் என்ற சீட்டைத்தான் ஒட்டப்போனார் அன்றைக்கு. அவள் ஒப்பவில்லை, இதைத்தான் முதல் கட்டத்தில் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஓரம் சுருண்ட சீட்டு, அவருடைய கோணல் கையெழுத்து.

சும்மா வந்து உக்காருங்க.

ஒன்பது நாளாகக் கூப்பிட்டிருக்கிறாள். நாளைக்கு ஐந்தாறுதான் முடியும் என்ற விரலால் பத்தும் பதினான்குமாகக் கூப்பிட்டிருக்கிறாள். விரலுக்கு மிச்சமிருந்ததை எல்லாம் அந்த ஒரு கட்டத்தில் போட்டிருக்கிறாள். இவர் அதைக் கோளாறு என்று தினம் மத்தியானம் அழித்திருக்கிறார். எந்தப் பாவியும் இப்படி ஒரு வேலையை இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்க மாட்டான்.

நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார். நாற்காலிக் கால் ஆடியது.

"வந்துட்டேன்," என்றார். "வந்துட்டேம்மா. இப்ப அமுக்கு. ஒரே ஒரு தடவை. எனக்குக் கேக்குது, இப்ப எனக்குத் தெரியும், அமுக்கு."

விளக்கு முதல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. நாற்பத்தொன்றில் நின்றது, கடந்தது. மறுபடி மேலிருந்து வந்தது, நின்றது, கடந்தது. அவர் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவிட்சின் மேல் அது கிடந்தது, யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போன பொருள்போல. அப்போதுதான் பட்டியலின் கடைசி வரி அவருக்கு ஞாபகம் வந்தது. நாற்பத்தொன்று, பதினொன்று ஐம்பத்திரண்டு. மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காலையில் துணி எடுக்க வந்தபோது அவளிடம் விரல் இருந்திருக்கிறது.

அவர் விரலைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் குத்தியது; எடுத்து வைக்கவில்லை. அவள் அவரையே பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இமையும் இப்போது சேரவில்லை; கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

கொழுந்தியாள் ஐந்தரைக்கு வந்தாள். கூடத்தில் கணினி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மின்விசிறியின் இறக்கைகள் தரையில் கிடந்தன. அறைக் கதவு திறந்திருந்தது. மாமா கையில் எந்தச் சாமானும் இல்லாமல் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்ன மாமா, அதிசயமா சும்மா உக்காந்திருக்கீங்க! வேலை முடிஞ்சுடுச்சா?"

அவர் தலையைத் திருப்பவில்லை.

"முடிஞ்சு ஒம்பது நாள் ஆச்சும்மா," என்றார்.